புட்டுப் பெட்டிக்குள் பற்றரி

டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் சிவானந்தனைத் தெரியாத தமிழர் இல்லை. ஊர் சின்னது, அதில் தமிழர் அதைவிடக் குறைவு என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், அவரைக் கேட்காமல் அங்கே யாரும் காருக்குப் பற்றரி மாற்றுவதில்லை. கேட்டாலும் சுடச்சுடப் பதில் வராது. "எங்கை நிப்பாட்டுறனீ, வெளியிலையோ கராச்சுக்குள்ளையோ? காலமை எப்பிடி ஸ்டார்ட் எடுக்குது, இருமிப்போட்டோ இருமாமலோ?" என்று வைத்தியர் நாடி பிடிப்பது போலத் தொடங்குவார். பொறுமை இல்லாதவர்கள் நேரே கடைக்குப் போய்விடுவார்கள்.

சமையலறை அலுமாரி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே ஓடுகிற போர்க்லிஃப்ட் வண்டிகளின் பற்றரிகளுக்கு மின்னேற்றுவதும் காய்ச்சி வடித்த தண்ணீர் விடுவதும் அவர் பொறுப்பு. பிழை வந்தால் தன் தலையில்தான் விழும் என்று பயந்து பயந்து செய்கிற மனிதர். அந்தப் பயம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. காலையில் வாசலில் நின்று சாவி, பேர்ஸ், போன், கையுறை எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பார். அடுப்பை எட்டிப் பார்ப்பார். பிறகு மறுபடியும் சாவியைத் தடவுவார். இவ்வளவும் எதற்கென்றால், படி இறங்கிவிட்டால் அவர் திரும்பமாட்டார். புறப்பட்டவன் திரும்பினால் போன காரியம் கெடும் என்பது அவருக்கு வேதவாக்கு.

மனைவி செல்வமலர் இதில் அவருக்கும் ஒரு படி மேல். வெளிக்கிட்டவரைப் பின்னால் நின்று கூப்பிடவே கூடாது என்பது அவள் கட்சி. ஒருநாள் அவர் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார். செல்வமலர் அதைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் ஓடி, பக்கத்து வீட்டுக்காரரின் வேலியைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்தில் அவருக்கு முன்னால் போய் நின்று கொடுத்தாள். ஒரு சத்தம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். இருவருக்கும் அது சிரிப்பாகப் படவில்லை. இத்தனை வருடக் குடித்தனம் இப்படித்தான் ஓடியது, ஒரு குறையும் இல்லை.

உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிற பைத்தியம் அவருடைய சொந்தச் சொத்து அல்ல, றொபேட்டிடமிருந்து தொற்றியது. றொபேட் பாஷையூர்க் கடற்கரையில் பிறந்தவன். அதே தொழிற்சாலையில் பலகை அறுக்கிற பகுதியில் நிற்பவன். சிவானந்தனுக்கு வயதில் இளையவன், வாயில் மூத்தவன். மனைவி இறந்த பிறகு சனி ஞாயிறுகளில் செல்வமலரின் கையால்தான் அவனுக்குச் சாப்பாடு. சிவானந்தனுக்கு உடன்பிறந்த தம்பி இல்லாத குறையை அவன் தீர்த்துவைத்தான், தம்பி கொடுக்கிற தலையிடி அத்தனையையும் சேர்த்து.

சில வருடங்களாக டென்மார்க்கில் குளிர் பேருக்குத்தான் வந்துபோனது. இந்தத் தடவை உண்மையாகவே வந்தது. ஊருக்குத் தெற்கே இருக்கிற ஏரி உறைந்து இறுகியது. கொமூன் என்கிற நகரசபையின் ஆட்கள் பனிக்கட்டியின் தடிப்பை அளந்து, மேலே நடக்கலாம் என்று பலகை நட்டார்கள். ஓடை வந்து விழுகிற மூலையில் மாத்திரம் சிவப்புத் துணி கட்டிய தடிகளை வரிசையாகக் குத்தி, அதற்கு அப்பால் போகாதே என்றார்கள். ஓடுகிற தண்ணீருக்கு மேல் பனிக்கட்டி எப்போதும் மெல்லியதாகத்தான் படியும்.

றொபேட் பாய்ந்து விழுந்து கையால் சுற்றுகிற துறப்பணம், சின்னக் கூடாரம், தண்ணீருக்குள் மீன் நிற்பதைத் திரையில் காட்டுகிற கருவி எல்லாம் பழசாக வாங்கிவிட்டான். மீன் காட்டுகிற கருவிக்கு மின்சாரம் வேண்டும். நாலு மணிக்கே இருட்டுகிற ஊரில் விளக்குக்கும் வேண்டும்.

"என்ரை பழைய கார் பற்றரி கிடக்கு, அண்ணை. அதைக் கொளுவுவம்" என்றான்.

"நீ சும்மா இரு" என்றார் சிவானந்தன். "அதை நான் பாக்கிறன்."

மகள் மிதுஷாவின் கலியாணத்துக்குக்கூட அவர் அவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. கார் பற்றரி ஒரே மூச்சில் உதறி எழும்பத்தான் லாயக்கு, மெல்ல மெல்ல நெடுநேரம் கொடுக்க அதற்குத் தெரியாது என்று முதலில் தள்ளினார். அடுத்தது, சக்கர நாற்காலிகளுக்குப் போடுகிற, மூடி அடைத்த ஈயப் பற்றரி. ஈயத்தை அவர் தன் பிள்ளையைப் போல அறிவார், இருந்தாலும் சோதிக்காமல் விடவில்லை. செல்வமலரின் டீப் ப்ரீசரில் முருங்கையிலைப் பைகளையும் ஒடியல் மாவையும் ஒதுக்கிவிட்டு அதற்குள் ஒருநாள் படுக்கவைத்தார். எடுத்து விளக்கைக் கொளுவியபோது வெளிச்சம் மங்கி மங்கி, பாதி நேரத்திலேயே படுத்துவிட்டது.

கடைசியில் லித்தியம். கையில் தூக்கினால் வெறும் பெட்டிபோல இருந்தது. அதுவும் ப்ரீசருக்குள் போனது. வெளியே எடுத்து விளக்கைக் கொளுவினார், கண்ணைக் கூசுகிற வெளிச்சம். மீன் காட்டுகிற கருவியையும் கைத்தொலைபேசியையும் சேர்த்துக் கொளுவினார். ஒரு மினுக்கம்கூட இல்லாமல் எல்லாம் ஒன்றாக அணைந்தது. கடைக்காரனிடம் ஓடினார். ஈயம் கிழவனைப்போல இருமி இருமிப் போகும், லித்தியம் சொல்லாமல் கொள்ளாமல் மயங்கி விழும் என்று அவன் சிரித்தான். குளிரில் அதனிடம் அதிகம் கேட்டால் தன்னைக் காப்பாற்றத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். சூடு பட்டால் எழும்பும். சொன்னபடியே குசினி ஹீட்டருக்கு மேல் வைத்ததும் ஒன்றும் நடவாததுபோல் எழும்பியது.

"குளிருக்குப் பயந்த சாமான்" என்று தீர்ப்புச் சொன்னார் சிவானந்தன். "ஆனா சூட்டிலை வைச்சிருந்தா இதை மிஞ்ச ஆளில்லை. ஒரு பற்றரி, எல்லாத்துக்கும் காணும்."

"பற்றரிக்குப் போர்வை போத்திக் கொண்டுபோற ஒரே ஆள் நீங்கள்தான்" என்றான் றொபேட்.

போர்வைதான் போர்த்தினார். புறப்படுவதற்கு முதல்நாள் அதை வீட்டுக்குள் வைத்து முழுதாக மின்னேற்றி, கம்பளியால் சுற்றி, சூடு ஆறாத நீலப் பெட்டிக்குள் இறக்கி மூடி, வாசலருகில் வைத்துவிட்டுப் படுத்தார். ஏன் என்று செல்வமலருக்குச் சொல்லவில்லை. பற்றரி விசயம் அவளுக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்.

அந்த நீலப் பெட்டி யாருடைய பெட்டி என்பதை அவர் நினைக்கவேயில்லை. கோயில் திருவிழாவுக்கும் கோடைக்கால ஒன்றுகூடலுக்கும் செல்வமலர் சோறு கறி கொண்டுபோகிற பெட்டி அது. அவர் படுத்த பிறகு திறந்து, சாப்பாடு வைக்கிற இடத்தில் இரும்புச் சாமானைக் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ப்ரீசருக்குள் வைத்ததையே அவள் இன்னும் மறக்கவில்லை. "சாப்பாட்டுப் பெட்டிக்கும் மரியாதை இல்லையோ இந்த மனிசனுக்கு" என்று தனக்குள் பேசிக்கொண்டு பற்றரியைத் தூக்கிப்போய்த் தோட்டத்துக் கொட்டிலில் அவருடைய மற்றச் சாமான்களோடு வைத்தாள். பெட்டியைக் கழுவித் துடைத்தாள். விடிய எழும்பிப் புட்டு அவித்து, அலுமினியத் தாளில் பொதி பொதியாகச் சுற்றி, கத்தரிக்காய்க் குழம்புச் சட்டியோடு உள்ளே அடுக்கினாள். மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு மீன் குழம்பு கொடுத்துவிடுவது சரியில்லை என்று அதையும் யோசித்துத்தான் கத்தரிக்காய் வைத்தாள். கம்பளியை மடித்து அலுமாரிக்குள் போட்டாள். வெறும் வயிற்றோடு ஆட்களை அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

காலையில் சிவானந்தன் வழக்கம்போல எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். பெட்டி வெறுமையாக இல்லை, இளஞ்சூடாகவும் இருந்தது. மனம் நிறைந்தது. "போட்டு வாறன்" என்று படி இறங்கி, றொபேட்டின் வானில் பெட்டியை ஏற்றினார். பிறகு பனிக்கட்டியில் சாமான் இழுக்கிற சறுக்குவண்டியை எடுக்கக் கொட்டிலுக்குப் போனார்.

சறுக்குவண்டியின் மேல் பற்றரி வெறும் மேலோடு உட்கார்ந்திருந்தது. தொட்டவுடன் விரல் ஒட்டியது. இராத்திரி முழுக்க உறைபனியில் கிடந்திருக்கிறது. அவருக்கு எல்லாம் ஒரு கணத்தில் விளங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வீட்டைப் பார்த்தபடி நின்றார். கம்பளி உள்ளே. ஹீட்டர் உள்ளே. கதவு நாலு எட்டுத் தூரம். யன்னல் திரை அசைந்தது போலவும் இருந்தது. றொபேட் ஹோர்ன் அடித்தான்.

ஒரு மணித்தியாலம் சூடாக்கினால் போதும் என்று புத்தி சொன்னது. படி இறங்கியாயிற்று என்று கால் சொன்னது. அவர் காலின் பேச்சைக் கேட்டார்.

வானில் பற்றரியைக் கைக்குழந்தை போல மடியில் வைத்திருந்தார். வானின் ஹீட்டர் மூச்சு விடுவதற்குள் ஏரி வந்துவிட்டது. "ஏன் அண்ணை முகம் கறுத்திருக்கு?" என்று கேட்ட றொபேட்டுக்கு, "ஒண்டுமில்லை" என்றார். பற்றரி குளிர்ந்து கிடந்ததையாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பான் என்று மானம் தடுத்தது.

வானை மரங்களுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து கூடாரம் அடித்தார்கள். துளை போட்டு, தூண்டில் இறக்கி, எல்லாவற்றையும் பற்றரியில் கொளுவினார்கள். அது வேலை செய்தது. றொபேட்டின் கைத்தொலைபேசி காலையிலேயே செத்துக் கிடந்ததால் அதையும் மின்னேற்றக் கொளுவினார்கள். சிவானந்தன் நிமிடத்துக்கொரு தரம் பற்றரியை எட்டிப் பார்த்தார். அதைச் சுற்ற அங்கே ஒரு துணி இல்லை. பெட்டிக்குள் வைக்கலாம் என்றால் சாப்பாடு ஆறிவிடும் என்று றொபேட் மறித்தான். மீன் மட்டும் வரவில்லை. மத்தியானம் தாண்டியும் திரையில் ஒரு அசைவும் இல்லை.

"அங்காலை, ஓடை விழுற மூலையிலைதான் அபோர மீன் நிக்கும்" என்றான் றொபேட். "தடிக்குக் கொஞ்சம் இஞ்சாலை நிண்டு ஒரு துளை போட்டுப் பாப்பம்."

"அந்தப் பக்கம் சரியில்லை. சும்மா இரு."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம், அண்ணை. பற்றரி வாங்கவும் பயம், துளை போடவும் பயம். நான் கடலிலை வளந்தவன்."

"கடல் வேறை, இது வேறை. உனக்கு ஆரும் சொன்னா ஏறாது."

"நீங்கள் இருந்து பற்றரிக்குத் தாலாட்டுப் பாடுங்கோ."

மனதில் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது அப்போது வாயால் வெடித்தது. "போடா, போ! போய் விழுந்து சா!" என்றார் சிவானந்தன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். வாழ்நாளில் யாரையும் பார்த்து அப்படிச் சொன்னவர் அல்ல. றொபேட் அவரை ஒருகணம் பார்த்தான். துறப்பணத்தைத் தோளில் போட்டான். "போறன்" என்றான். போட்டு வாறன் என்று சொல்லவில்லை.

அவன் போன பிறகு சிவானந்தன் பிளாஸ்கிலிருந்து இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார். இப்போது வந்துவிடுவான் என்று நினைத்தார். வந்தால் என்ன சொல்வது என்றும் யோசித்தார். றொபேட்டின் தேத்தண்ணீர் ஆறி, ஓரத்தில் பனி படிந்தது. அவன் வரவில்லை. கூடாரத்தை விலக்கிப் பார்த்தபோது ஏரியே இல்லை. பியோர்ட் கடல்நீரேரிப் பக்கமிருந்து மூடுபனிப் புகார் வந்து மூடிவிட்டது. கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்த சறுக்குவண்டியைக்கூடக் காணவில்லை, பொழுதும் சாயத் தொடங்கியிருந்தது.

"றொபேட்!" என்று கத்தினார். எங்கேயோ ஒரு குரல் கேட்டது. வலப்பக்கம் போல இருந்தது. மறுபடி கத்தியபோது இடப்பக்கம் போல இருந்தது. பிறகு பனிக்கட்டிக்குள் எதுவோ முறிகிற சத்தம், ஏரியின் அடிவயிற்றிலிருந்து வந்ததுபோல் நீண்டு ஓடியது. அதன் பிறகு குரல் கேட்கவில்லை.

சிவானந்தன் கூடாரத்துக்குள் பாய்ந்தார். விளக்கை எடுத்து, தூண்டில் தடியின் நுனியில் கட்டி உயர்த்திப் பிரகாசத்தை முழுதாகக் கூட்டினார். ஒரு கணம் புகார் வெள்ளையாக எரிந்தது. மறுகணம் விளக்கு, திரை எல்லாம் ஒன்றாக அணைந்தது. பற்றரி மயங்கிவிட்டது.

அவசர இலக்கத்துக்கு அடித்தார். வந்த பெண்குரலுக்கு, தெரிந்த டேனிஷ் எல்லாம் மறந்து, ஏரியின் பெயரையும் நண்பனின் பெயரையும் மாறி மாறிச் சொன்னார். அவள் நிதானமாகக் கேட்டாள். ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள், நீங்கள் இடத்தை விட்டு அசையவேண்டாம், தேடிப் போகவும் வேண்டாம் என்றாள். பிறகு கேட்டாள்: உங்களிடம் வெளிச்சம் இருக்கிறதா? இருந்தால் உயர்த்திப் பிடியுங்கள். உங்கள் நண்பர் பிழையான பக்கம் போகாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

"ஓம்" என்று தமிழில் சொன்னார் சிவானந்தன். பிறகு, "இல்லை" என்றார். அதை டேனிஷில் திருப்பிச் சொல்வதற்குள் குளிர் அவருடைய போனையும் குடித்துவிட்டது. றொபேட்டின் போனை எடுத்து அமத்தினார். குளிரில் கிடந்த அது ஒரு சொட்டும் ஏற்றிக்கொள்ளவில்லை.

ஊரிலுள்ள பற்றரிக்கெல்லாம் நாடி பார்க்கிற மனிதர், தம்பி இருட்டில் நிற்கிறபோது காட்ட ஒரு வெளிச்சம் இல்லாமல் நின்றார். போய் விழுந்து சா என்று சொன்னது காதுக்குள்ளேயே நின்று திரும்பத் திரும்பக் கேட்டது. அவருக்கு அழுகை வந்தது. அழுதபடியே, சூடு, சூடு என்று வாய் முணுமுணுத்தது. சூடு எங்கே இருக்கிறது இந்த ஏரியில்?

நீலப் பெட்டி கூடாரத்தின் மூலையில் இருந்தது. சண்டையில் இருவரும் சாப்பிடவில்லை. மூடியைத் திறந்தார். புட்டின் ஆவி முகத்தில் அடித்தது.

விரல்கள் மரத்துப்போயிருந்தன. மீன் காட்டுகிற கருவியின் வயரையும் போன் வயரையும் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். இனி இருக்கிற மின்சாரம் விளக்குக்கு மட்டும்தான். புட்டுப் பொதிகளை விலக்கி நடுவில் பற்றரியை இறக்கினார். பக்கத்தில் குழம்புச் சட்டியை நெருக்கி வைத்தார். மிஞ்சிய தேத்தண்ணீரைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி அதையும் அணைத்து வைத்தார். பெட்டியை மூடி, தன் மேலங்கியைக் கழற்றி அதன்மேல் போட்டார்.

இனிப் பொறுக்கவேண்டும். அதுதான் அவரைக் கொன்றது. அவசரப்பட்டுக் கொளுவினால் மறுபடி மயங்கும், அடுத்த தடவை எழும்புமோ தெரியாது. பொறுத்தால் றொபேட் பொறுப்பானா தெரியாது. வெளியே வந்து சட்டி மூடியைக் கரண்டியால் அடித்தார். அடித்து அடித்துக் கத்தினார். "நில்லடா! அசையாதை! நில்!" முருகனைக் கூப்பிட்டார். பிறகு, வேறு இலாகா என்று பார்க்கிற நேரமா அது, "றொபேட்டின்ரை மாதாவே, உன்ரை பிள்ளையைப் பார்" என்று அவளையும் கூப்பிட்டார். புகார் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு சும்மா இருந்தது.

பொறுக்க முடியாமல் ஒருதரம் பற்றரியை வெளியே எடுத்துக் கொளுவினார். விளக்குக் கண் சிமிட்டி அணைந்தது. அவருக்கு உயிரே போனது. பேயன், ஏன் வெளியிலை எடுத்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்ப உள்ளே வைத்தார். ஆறத் தொடங்கிய பொதிகளைப் பிரித்து, சூடு இருக்கிற உள்புட்டைப் பற்றரியின் உடம்போடு சேர்த்து அப்பினார். குழம்புச் சட்டி சரிந்து ஒரு பக்கம் ஊற்றியது. ஊற்றட்டும் என்று விட்டார். நனையாத பக்கத்தில் வயரை மட்டும் வெளியே விட்டு மூடியை அமத்தி, அதன்மேல் நெஞ்சை வைத்துப் படுத்துக்கொண்டார். வாழ்நாளில் எத்தனையோ பற்றரிக்கு அவர் பக்கத்தில் காவல் இருந்திருக்கிறார். இப்படி ஒன்றைக் கட்டிப்பிடித்து அழுததில்லை.

இரண்டாம் முறை கொளுவியபோது விளக்கை ஆகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்தார். பற்றியது. அணையப் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அணையவில்லை. பெட்டியைக் கூடார வாசலுக்கு இழுத்து, தடியில் கட்டிய விளக்கைத் தலைக்கு மேல் உயர்த்தினார். மெல்ல மெல்ல வெளிச்சத்தைக் கூட்டினார்.

"றொபேட்! தெரியுதோடா?"

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு நிலமட்டத்திலிருந்து ஒரு குரல்.

"அசைக்காதையுங்கோ அண்ணை... அப்பிடியே பிடியுங்கோ."

அவர் அசைக்கவில்லை. தோள் கழன்று விழுவதுபோல இருந்தது, மேலங்கி இல்லாத உடம்பு உதறியது, விளக்கை மட்டும் ஆடவிடவில்லை. புகாருக்குள்ளிருந்து முதலில் ஒரு கை வந்தது. பிறகு தலை. றொபேட் வயிற்றில் ஊர்ந்து வந்தான். ஒரு கால் தொடைவரை நனைந்து, காற்சட்டை தகடாக உறைந்திருந்தது. தடிகளைப் புகாரில் காணாமல் தாண்டிவிட்டான். ஒரு கால் உள்ளே போனதும் விழுந்து படுத்து இழுத்தெடுத்திருக்கிறான். எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் ஓடை என்று தெரியாமல், எழும்பவும் பயந்து, வெளிச்சம் தெரியும்வரை கிடந்த கிடையில் கிடந்திருக்கிறான். கடலில் வளர்ந்தவன் குழந்தை போல அழுதான்.

"வாறன் எண்டு சொல்லாமல் போனனான், அண்ணை" என்றான், பல் அடிக்க.

"பேசாதை. வா" என்றார் சிவானந்தன். அவன் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். மற்றக் கை விளக்கை இறக்கவில்லை. அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீட்புப் படையினரும் வந்து சேர்ந்தார்கள்.

காலுக்குப் பெரிய சேதம் இல்லை, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புவோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சிவானந்தன் வீட்டுக்கு வந்து, நீலப் பெட்டியைக் குசினி நிலத்தில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். விசயத்தைப் போனிலேயே கேட்டு அழுது முடித்திருந்த செல்வமலர் பெட்டியைத் திறந்தாள். புட்டுக்குள் பற்றரி புதைந்து கிடந்தது, மேலெல்லாம் கத்தரிக்காய்க் குழம்பு. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது சூட்டிலை இருக்கவேணுமெண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொல்லேல்லை. என்ரை பிழைதான்."

"கொட்டிலிலை கண்டாப் பிறகாவது உள்ளுக்கு வந்திருக்கலாமே? நான் அடுப்படியிலைதானே நிண்டனான்."

"படி இறங்கீட்டன், மலர்."

செல்வமலர் அவருக்கு எதிரே நிலத்தில் உட்கார்ந்தாள்.

"நான் யன்னலாலை பாத்தனான்" என்றாள். "அதைக் கையிலை வைச்சுக்கொண்டு வீட்டைப் பாத்துக்கொண்டு நிண்டியள். முகம் செத்துப்போய்க் கிடந்தது. ஏதோ பெரிய பிழை விட்டிட்டனெண்டு விளங்கினது. யன்னலைத் திறக்கக் கையும் வைச்சிட்டன். பின்னாலை கூப்பிடக்கூடாதெண்டு கையை எடுத்தனான்."

அவர் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அந்தக் காலையில் ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. நடுவில் ஒரு கண்ணாடி. ஒருவரும் மற்றவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை, இருவரும் நல்லது நடக்கவேண்டும் என்றுதான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அந்த நல்ல நினைப்பில் றொபேட்டின் உயிரே போயிருக்கும். அதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. செல்வமலர் ஈரத்துணி எடுத்துப் பற்றரியைத் துடைக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை சிவானந்தன் வேலைக்குப் புறப்பட்டார். வெளியே இன்னும் விடியவில்லை. வாசலில் நின்று சாவியைத் தடவினார், போனைத் தடவினார், அடுப்பை எட்டிப் பார்த்தார். மனம் ஒரு நிலையில் இல்லாததால் எதையோ விட்டுவிட்டார். "போட்டு வாறன்" என்று படி இறங்கி, வேலிப் படலை வரை போய்விட்டார்.

பின்னால் யன்னல் படாரென்று திறந்தது.

"இஞ்சருங்கோ!"

பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குச் சத்தம். சிவானந்தன் அப்படியே நின்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தக் குரல் அவருடைய முதுகில் பட்டதில்லை. திரும்பிப் பார்த்தார். செல்வமலர் யன்னலால் பாதி உடம்பை வெளியே நீட்டி, அவருடைய கையுறைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பிய பிறகும் உள்ளே போகவில்லை.

"விட்டிட்டுப் போறியள். வந்து எடுத்துக்கொண்டு போங்கோ."

எறிந்தால் அவர் காலடியில் விழுகிற தூரம்தான். அவள் எறியவில்லை, அவரும் எறி என்று சொல்லவில்லை. படலையைத் திரும்பத் திறந்து, வந்த வழியே நடந்து, படியேறி உள்ளே போய் வாங்கிக்கொண்டார்.